கட்டிங் மேட்: வெட்டைத் தாங்கும் விரிப்பு

துண்டுத் துணிகளைச் சேர்த்துக் குவில்ட் போர்வை தைப்பவர்களின் மேசையில், பெரும்பாலும் பச்சை நிறத்தில், கட்டம் போட்ட ஒரு தகடு விரிந்து கிடக்கும். அதுதான் கட்டிங் மேட். அதன் தடிமன் ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர். வழக்கமான பெரிய அளவு 24 அங்குலத்துக்கு 36 அங்குலம். சவரக் கத்திபோல் கூரான சக்கரக் கத்தி அதன்மேல் நாள்தோறும் ஓடினாலும், நன்றாகப் பேணப்பட்ட மேட்டில் வெட்டிய தடம் விரல்நுனிக்குத் தட்டுப்படாது. அதனால்தான் கடைகளில் அதைத் 'தானே ஆறிக்கொள்ளும் மேட்' என்று சொல்லி விற்கிறார்கள். அந்தப் பெயர் பாதிதான் சரி. மேட்டில் விழுந்த வெட்டு ஆறுவதே இல்லை; மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். புண் ஆறுவதற்கும் பிளவு மூடிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிட்டால், மேட்டை எப்படிப் பேணுவது என்பதில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

குவில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே துண்டுகளை இணைத்துத் தைத்த முகத்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. முகத்துணிக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள் தேவைப்படும். ஒவ்வொரு துண்டிலும் அரை மில்லிமீட்டர் பிசகினால், இருபது துண்டுகளைச் சேர்க்கும்போது பிசகு ஒரு சென்டிமீட்டராகிவிடும். முன்பெல்லாம் அட்டையில் அச்சு வெட்டி, துணிமேல் வைத்துப் பென்சிலால் கோடிழுத்து, ஒவ்வொன்றாகக் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள். இந்த வேலையை மாற்றியது ஜப்பானின் ஓசாகா நகரத்து ஓல்ஃபா நிறுவனம். முனை மழுங்கினால் அதை ஒடித்துவிட்டு அடுத்த முனையால் வெட்டும் கட்டரை, இன்று எந்த எழுதுபொருள் கடையிலும் கிடைக்கும் அந்தக் கருவியை, யோஷியோ ஒகாடா 1956இல் உருவாக்கினார். உடைந்த கண்ணாடிச் சில்லும் பாளம் பாளமாக ஒடியும் சாக்லேட்டும் அவருக்கு அந்த யோசனையைத் தந்தன. ஜப்பானிய மொழியில் 'ஓரு' என்றால் ஒடித்தல், 'ஹா' என்றால் கத்தி அலகு. ஓல்ஃபா என்ற பெயர் அதிலிருந்து பிறந்தது. அதே நிறுவனம் 1979இல் ரோட்டரி கட்டரை வெளியிட்டது. பீட்சா வெட்டும் சக்கரம்போல் கைப்பிடியில் சுழலும் வட்டக் கத்தி அது. அமெரிக்கா 1976இல் தன் விடுதலையின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது குவில்ட் கலைமீது மீண்டும் ஆர்வம் கிளம்பியிருந்தது. அந்த ஆர்வத்துக்கு ரோட்டரி கட்டர் வேகத்தைக் கொடுத்தது. நாலைந்து அடுக்குத் துணியை ஒரே இழுப்பில் வெட்டலாம், கோடு வளையாது.

ஆனால் சக்கரக் கத்தியை மர மேசைமேல் ஓட்ட முடியாது. மரத்தில் பள்ளம் விழும், அடுத்த முறை கத்தி அந்தப் பள்ளத்துக்குள் இழுபட்டுப் போகும். கண்ணாடி மீதோ உலோகத் தகட்டின் மீதோ ஓட்டினால் கத்திமுனை சில நொடிகளில் மழுங்கிவிடும். கத்திக்கு இடம் கொடுக்கும் அளவுக்கு மென்மையும், அது ஆழமாக இறங்கிவிடாத அளவுக்கு உறுதியும் ஒன்றாக இருக்கும் பரப்பு வேண்டும். கட்டிங் மேட் இந்தத் தேவையை நிறைவேற்றுகிறது.

பெரும்பாலான மேட்டுகளின் மூலப்பொருள் பிவிசி எனப்படும் பாலிவினைல் குளோரைடு. தண்ணீர்க் குழாயும் அதே பொருள்தான், மின்கம்பியின் மேலுறையும் அதே பொருள்தான். ஜெர்மானிய வேதியியலர் ஆய்கன் பௌமன் 1872இல் வினைல் குளோரைடு வாயு அடைத்த குடுவைகளை வெயிலில் வைத்திருந்தபோது அவற்றுள் வெண்ணிறத் திடப்பொருள் படிந்ததைக் கண்டார். நெடுங்காலம் அதனால் பயன் எதுவும் விளையவில்லை. அது விறைப்பானது, எளிதில் உடைவது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பி. எஃப். குட்ரிச் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். 1926இல் அவர் பிவிசியை அதிகக் கொதிநிலை கொண்ட திரவத்தில் இட்டுச் சூடாக்கினார். பசை கிடைக்கவில்லை, வளைந்து கொடுத்துத் திரும்பும் ஒரு புதுப்பொருள் கிடைத்தது. விறைப்பான பிவிசியில் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. பிளாஸ்டிசைசர் எனப்படும் எண்ணெய் போன்ற மென்மையாக்கி அவற்றின் நடுவே புகுந்தால் பிடி தளர்கிறது, சங்கிலிகள் நகர இடம் கிடைக்கிறது. எவ்வளவு மென்மையாக்கி சேர்க்கிறோமோ அவ்வளவு நெகிழ்வு. கட்டிங் மேட்டில் இந்த இரண்டு வகையும் சேர்ந்திருக்கின்றன. மேலும் கீழும் மென்மையான பிவிசி, நடுவே விறைப்பான அடுக்கு என்று மூன்றோ ஐந்தோ அடுக்குகளை ஒட்டித் தயாரிப்பார்கள். வெளியடுக்கு கத்தியை ஏற்கிறது. நடுவடுக்கு அதைத் தடுத்து நிறுத்துகிறது, தகட்டைச் சமமாகவும் வைத்திருக்கிறது.

வெட்டு எப்படி மூடுகிறது? ரோட்டரி கட்டரின் அலகு ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் கனம்தான்; அதன் விளிம்பு அதைவிடப் பல மடங்கு மெல்லியது. அது மேட்டுக்குள் ஆப்புபோல் இறங்கி, பொருளை இருபுறமும் ஒதுக்குகிறது. ரம்பம்போல் எதையும் சுரண்டி வெளியே எடுப்பதில்லை. கத்தி விலகியதும் ஒதுங்கிய மென்மையான பிவிசி தன் பழைய இடத்துக்குத் திரும்புகிறது, பிளவின் இரு சுவர்களும் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கின்றன. பொருள் எதுவும் குறையாததால் பள்ளமும் இல்லை. ஆனால் அறுபட்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபட்டவைதான். அறையின் வெப்பத்தில் அவை மீண்டும் இணைவதில்லை. உண்மையிலேயே தன் விரிசலைத் தானே ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக்குகளும் உண்டு. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் வைட் குழுவினர் 2001இல் அப்படி ஒன்றை வெளியிட்டார்கள். பொருளுக்குள் நுண்ணிய உறைகளில் திரவம் அடைத்து வைத்து, விரிசல் அந்த உறைகளை உடைக்கும்போது திரவம் கசிந்து இறுகிப் பிளவை ஒட்டும்படி செய்திருந்தார்கள். கட்டிங் மேட்டில் அப்படிப்பட்ட ஏற்பாடு எதுவும் கிடையாது. அதில் வேலை செய்வது ரப்பர் பந்தை அமுக்கி விட்டால் அது பழைய வடிவுக்கு வருமே, அந்தப் பண்பு மட்டும்தான்.

பிளவின் சுவர்கள் சேர வேண்டுமானால் நடுவே எதுவும் இருக்கக் கூடாது. அங்கேதான் துணி குறுக்கே வருகிறது. பருத்தி இழை ஒன்றின் பருமன் 12 முதல் 20 மைக்ரான் வரை, தலைமுடியைவிட மெல்லியது. ஒவ்வொரு வெட்டிலும் கத்தி சில இழைகளை முழுதாக அறுக்காமல் கீழே இழுத்துப் பிளவுக்குள் திணித்துவிடுகிறது. ஒன்றிரண்டு இழைகளை மேட் பொறுத்துக்கொள்ளும். ஆனால் குவில்ட் தைப்பவர்கள் இரண்டரை அங்குலப் பட்டை, இரண்டரை அங்குலப் பட்டை என்று ஒரே கோட்டின்மேல் நூறு முறை வெட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் அதே பிளவு திறக்கிறது, இன்னும் கொஞ்சம் பஞ்சு உள்ளே போகிறது. முடிவில் பிளவுக்குள் பஞ்சுத் திரி ஒன்று அடைந்து கிடக்கும். மேட் மூட முயன்றாலும் மூட முடியாது. கத்தி அந்த இடத்துக்கு வந்ததும் துணியை அறுக்காமல் பள்ளத்துக்குள் அழுத்திவிட்டுப் போகும், வெட்டிய துண்டுகள் நடுநடுவே நூலில் தொங்கும். வெட்டுபவர் கத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்து இன்னும் பலமாக அழுத்துவார். பள்ளம் இன்னும் ஆழமாகும். மேட்டுகள் பாழாவதற்கு மிகப் பொதுவான காரணம் இதுதான். வாங்கிய விலைக்கும் தயாரித்த நிறுவனத்துக்கும் இதில் பங்கு குறைவு.

ஆகவே முதல் பராமரிப்பு, வெட்டும் முறையிலேயே இருக்கிறது. அளவை மேட்டின் கட்டக் கோடுகளை வைத்து எடுக்காமல், மேலே வைக்கும் தடித்த அக்ரிலிக் அளவுகோலை வைத்து எடுத்தால், துணியை மேட்டின் எந்தப் பகுதியிலும் வைத்து வெட்டலாம். ஒரே கோடு தேயாது. மேட்டை வாரம் ஒரு முறை அரைவட்டம் திருப்பிப் போடுவதும், இரு பக்கமும் வெட்டக்கூடிய மேட்டானால் அவ்வப்போது புரட்டிப் போடுவதும் வெட்டுகளைப் பரப்பிவிடும். கத்தி செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்த கத்தி மேற்பரப்பைச் செதில்போல் சீவிவிடும். சீவி எடுத்த பொருள் திரும்ப வராது. அலை அலையாகவோ பல் பல்லாகவோ வெட்டும் அலங்கார அலகுகளுக்கும், தடித்த காகிதக் கத்திக்கும் வேறொரு பழைய மேட்டை ஒதுக்கி வைப்பது நல்லது. அவை பிளவை அகலமாகத் திறப்பதோடு, துணுக்குகளையும் பெயர்த்து எடுத்துவிடுகின்றன.

மழுங்கிய அலகு மேட்டுக்குப் பெரும் எதிரி. கூர் குறைந்தால் கை அழுத்தும், அழுத்தினால் பிளவு ஆழமாகும், அறுபடாத இழை உள்ளே போகும். துணிக்குள் மறந்து விட்ட குண்டூசிமேல் ஒரு முறை ஏறினாலே அலகில் ஒரு சிறு வெட்டுவாய் விழுந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு உண்டு. 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலகு ஒரு சுற்றுக்கு 141 மில்லிமீட்டர் தூரம் ஓடும். வெட்டிய கோட்டில் ஏறத்தாழ 14 சென்டிமீட்டருக்கு ஒரு முறை நூல் அறுபடாமல் நின்றால், அலகின் ஒரு புள்ளி சேதமாகியிருக்கிறது என்று பொருள். 60 மில்லிமீட்டர் அலகானால் அந்த இடைவெளி 19 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். இடைவெளி ஒழுங்கில்லாமல், எப்போதும் மேட்டின் ஒரே இடத்தில் நூல் நின்றால் குற்றம் அலகில் இல்லை. அந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது. இந்தச் சோதனை செய்யாமலே நல்ல அலகுகளை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் பலர்.

உள்ளே போன பஞ்சை வெளியே எடுப்பது அடுத்த வேலை. ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் மென்மையான தூரிகையால் மேற்பரப்பைத் துடைத்தாலே பாதி போய்விடும். படிந்து கிடப்பதை வெள்ளை அழிப்பானால் வெட்டின் குறுக்கே தேய்த்தால், அழிப்பான் துகளோடு இழைகளும் திரண்டு வெளியே வரும். அதற்கும் மசியாவிட்டால் ஆறிய நீரும் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் சேர்த்து, நைலான் நாரால் வட்டமாகத் தேய்க்கலாம். இரும்பு நார் கூடாது. குவில்ட் தைக்கும் அமெரிக்கப் பெண்களிடையே குளியல் தொட்டியில் ஊறவைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. கேலனுக்கு, அதாவது 3.8 லிட்டருக்கு, கால் கோப்பை வெள்ளை வினிகர் கலந்து, 15 அல்லது 20 நிமிடம் மேட்டைச் சமமாகக் கிடத்தி, பின் தேய்த்துக் கழுவி, துண்டால் ஒற்றி, தட்டையாக உலரவைப்பார்கள். மேட் தண்ணீர் குடித்து மீண்டும் மென்மை பெறுகிறது என்று இதற்குக் காரணம் சொல்வதுண்டு. அந்தக் காரணம் பொருந்தாது. பிவிசி தண்ணீரை மிக மிகக் குறைவாகவே உறிஞ்சும். அதனால்தான் அதில் குழாய் செய்கிறார்கள். தண்ணீர் குடிப்பது பிளவில் கிடக்கும் பருத்தி. அது ஊறிப் பருத்து, பிடி தளர்ந்து, தேய்க்கும்போது எளிதாக வெளிவருகிறது. வினிகர் உப்புத் தண்ணீரின் படிவையும் சோப்பின் எச்சத்தையும் கரைக்கிறது. காரணம் தவறானாலும் பழக்கம் நல்லது, செய்யலாம். ஆனால் இழந்த மென்மையாக்கியைத் தண்ணீராலோ வினிகராலோ திரும்பக் கொடுக்க முடியாது.

பசைக் கறையை எடுக்க அசிட்டோனைத் தொடுவது பெரும் தவறு. நகப்பூச்சு அழிக்கும் திரவம், தின்னர், பெட்ரோல் ஆகியவை பிவிசியை ஊதவைக்கும், மென்மையாக்கியைக் கரைத்து வெளியே இழுக்கும், அச்சிட்ட கோடுகளையும் அழிக்கும். துடைத்த இடம் பிறகு விறைத்துப் போகும்.

வெப்பம் வேறு வழியில் கெடுக்கிறது. பிவிசி போன்ற ஒவ்வொரு பாலிமருக்கும் கண்ணாடிபோல் விறைத்த நிலையிலிருந்து ரப்பர்போல் தளரும் நிலைக்கு மாறும் ஒரு வெப்பநிலை உண்டு. மென்மையாக்கி சேர்க்காத பிவிசிக்கு அது ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ். மென்மையாக்கி கூடக் கூட அது இறங்கிக்கொண்டே வரும். மேட்டைச் சமமாக வைத்திருக்கும் நடுவடுக்கு அந்த எல்லையை நெருங்கினால், மேட் தன் எடையாலேயே வளையத் தொடங்கும். குளிர்ந்ததும் அந்த வளைவு உறைந்து நின்றுவிடும். வெளியே 35 டிகிரி இருக்கும் பகலில், வெயிலில் நிறுத்திய மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் 55 டிகிரியைத் தாண்டிவிடும். கண்ணாடியருகே வெயில் நேராக விழும் இடம் இன்னும் சூடாக இருக்கும். அமெரிக்காவின் அரிசோனா, டெக்சஸ் போன்ற மாநிலங்களில் வகுப்புக்கு எடுத்துப்போன மேட்டை வண்டியின் பின்னிருக்கையில் விட்டுவிட்டு வந்தவர்கள், திரும்பிப் போகும்போது அப்பளம்போல் நெளிந்த தகட்டைத்தான் எடுத்திருக்கிறார்கள். காப்பிக் கோப்பை வைத்த இடத்தில் வட்டமாக ஒரு மேடு எழும்பும். பருத்திக்குரிய சூட்டில் இஸ்திரிப்பெட்டி ஏறத்தாழ 200 டிகிரி; மேட்டின்மேல் துணியைப் போட்டு ஒரு நொடி தேய்த்தாலும் அந்த இடம் திரும்பாது. தையல் அறையில் வெட்டும் மேசையும் இஸ்திரி மேசையும் தனித்தனியே இருப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். சன்னல் வெயில் மெதுவாகச் செய்யும் கேடும் உண்டு. புற ஊதாக்கதிர் பிவிசியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடைப் பிரிக்கிறது. நிறம் மங்கி மஞ்சளாகி, மேற்பரப்பு உடையக்கூடியதாகிறது.

சூடு இல்லாவிட்டாலும் மேட் வளையும். தொடர்ந்து தாங்கும் சுமைக்குப் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல இணங்கிப்போகும். பொறியியலர் இதைத் தவழ்வு என்பார்கள். புத்தக அலமாரியில் பலகை ஆண்டுக்கணக்கில் நடுவே தொய்வதும் இதுதான். 24க்கு 36 அங்குல மேட், இரண்டு மில்லிமீட்டர் தடிமனாக இருந்தால், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். அதைச் சுவரில் சாய்த்து நிறுத்தினால் நடுப்பகுதி இரவும் பகலும் அந்த எடையில் வளைந்தே நிற்கும். ஒரே நாளில் தெரியாது. ஒரு கோடைக்குப் பின் தெரியும். சாய்த்து வைப்பது மிகக் கெடுதலான சேமிப்பு முறை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் மேட் கதவுக்குப் பின்னால் சாய்ந்தபடியேதான் நிற்கிறது.

தட்டையாகக் கிடத்துவதே முதன்மையான வழி. மேசையிலேயே விரித்து விடலாம். இடம் இல்லாவிட்டால் கட்டிலுக்கடியில், அல்லது ஒரு பிளைவுட் பலகை மேல் வைத்துச் சோபாவுக்கடியில் தள்ளலாம். அதன்மேல் கனமான பெட்டியை ஓரத்தில் மட்டும் வைக்கக் கூடாது. எடை சீராகப் பரவ வேண்டும். தொங்கவிடுவதும் சரியான வழிதான். நேராகத் தொங்கும் தகட்டில் எடை கீழ்நோக்கி இழுக்கிறதே தவிர வளைப்பதில்லை. மேட்டில் துளை இருந்தால் ஒரே ஆணியில் மாட்டாமல் இரண்டு துளைகளில் மாட்ட வேண்டும். துளை இல்லாவிட்டால் பேன்ட் மாட்டும் கிளிப் ஹேங்கர் இரண்டை மேல் விளிம்பில் பிடிக்கவிட்டு, அலமாரிக் கம்பியில் தொங்கவிடலாம். கிளிப்பின் தடம் பதியாமலிருக்க நடுவே ஒரு துண்டு அட்டை போதும். சுருட்டி வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். விறைப்பான நடுவடுக்கு சுருளும்போது அடுக்குகளுக்கிடையே ஒட்டு விடும், அல்லது வெடிக்கும். குளிர் நாட்டில் இந்த ஆபத்து அதிகம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துப் பனிக்காலத்தில் இரவு முழுக்க வண்டியில் கிடந்த மேட் கண்ணாடிபோல் விறைத்திருக்கும். அறையின் சூட்டுக்கு வந்த பிறகே அதை வளைக்கவோ வெட்டவோ வேண்டும்.

எதோடு சேர்த்து வைக்கிறோம் என்பதும் கவனிக்க வேண்டியது. பிவிசிக்குள் இருக்கும் மென்மையாக்கி வேதிப்பிணைப்பால் கட்டப்பட்டதல்ல, இடைவெளிகளில் தங்கியிருப்பதுதான். தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்குள் அது மெல்ல இடம்பெயரும். ஜெராக்ஸ் எடுத்த தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் நெடுநாள் வைத்தால் எழுத்து உறையில் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: மென்மையாக்கி டோனர் மையை இளக்கிவிடுகிறது. லேசர் அச்சில் எடுத்த குவில்ட் வடிவப் படங்களை மேட்டின்மேல் மாதக்கணக்கில் விட்டாலும் அதேதான் நடக்கும், கருப்பு எழுத்து மேட்டில் பதிந்துவிடும். தெர்மோகோல் துண்டுகளும் இப்படியே இளகும். ரப்பர் காலுள்ள பொருள்களை வைத்தால் ரப்பரிலுள்ள வேதிப்பொருள் எதிர்த்திசையில் மேட்டுக்குள் போய்ப் பழுப்புக் கறை உண்டாக்கும். அந்தக் கறை மேலே இல்லை, உள்ளே இருப்பதால் சோப்புக்குப் போகாது. மேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போதும், வார்னிஷ் பூசிய மேசையில் விரிக்கும்போதும் நடுவே பருத்தித் துணியோ அச்சில்லாத தாளோ விரிப்பது பாதுகாப்பு.

வளைந்துபோன மேட்டை நிமிர்த்த முடியுமா? சிறு நெளிவானால் முடியும். எந்தச் சூடு கெடுத்ததோ அதே சூட்டை, இம்முறை அளவோடு, பயன்படுத்த வேண்டும். தட்டையான தரையில் மேட்டைக் கிடத்தி, இளவெயிலில் அல்லது சூடான நீரில் இளகவைத்து, உடனே சமமான பரப்புக்கு மாற்றி, முழுப்பரப்பிலும் புத்தகங்களை அடுக்கி, நன்றாகக் குளிரும்வரை எடுக்காமல் விட வேண்டும். கடைசிப் படிதான் உயிர்நாடி. சூடாயிருக்கும்போதே எடையை எடுத்தால் பழைய வளைவு திரும்பிவிடும். குளிரும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவே நிலைக்கும். கோப்பைச் சூட்டில் எழுந்த மேடும் இஸ்திரி பட்ட இடமும் இதற்கு அடங்கா, ஏனெனில் அங்கே அடுக்குகளே பிரிந்தோ உருகியோ போயிருக்கும்.

கட்டக் கோடுகளைப் பற்றியும் ஒரு சொல். பிவிசி சூட்டில் விரியும். 90 சென்டிமீட்டர் நீளமுள்ள மேட் 20 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும். துல்லியம் வேண்டுபவர்கள் மேட்டின் கோட்டை நேர்பார்க்கவும், அளவெடுக்க அளவுகோலையும் வைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு பேணினாலும் மேட்டுக்கு முடிவு உண்டு. மென்மையாக்கி ஆண்டுகள் போகப் போகக் குறைகிறது, வெளியடுக்கு விறைக்கிறது, பிளவுகள் திறந்தபடியே நிற்கின்றன. நகத்தால் வருடும்போது எங்கும் தட்டுப்பட்டு, சுத்தம் செய்தும் புது அலகு மாட்டியும் நூல் அறுபடாமல் நின்றால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. பெரிய மேட்டின் ஓரங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவற்றைச் சிறு மேட்டுகளாக வெட்டித் தையல் இயந்திரத்தின் அருகே வைத்துக்கொள்ளலாம், குழந்தைகளின் காகித வேலைக்கும் கொடுக்கலாம். மிச்சத்தைக் குப்பையோடு கொளுத்திவிட வேண்டாம். எரியும் பிவிசி நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு புகையையும், நஞ்சான டையாக்சின்களையும் வெளியிடுகிறது. மறுசுழற்சிக் குறியீட்டில் பிவிசியின் எண் 3. அதை ஏற்கும் இடங்கள் குறைவு என்பதால், ஒரு மேட்டை இன்னும் சில ஆண்டுகள் உழைக்க வைப்பதே அதைவிட நல்ல வழி.